தொண்டு என்று சொல்லிவிட்டால் போதுமா?

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாலே போதும், வீட்டுக்கு வருகிற உறவினர் அனைவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். “அடுத்து என்ன படிக்கப் போகிறாய்?” டாக்டர், என்ஜினீயர், ஆசிரியை, கலெக்டர் என்று எங்கள் வகுப்பில் ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறோம். இவற்றுள் எதைச் சொன்னாலும் “நன்றாகப் படி” என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடிப்பார்கள். “நர்ஸ்” என்று சொல்கிறவளுக்கு மட்டும் தனியாக இரண்டு மறுமொழிகள் காத்திருக்கின்றன. ஒன்று: “ஐயையோ, ராத்திரி வேலையாயிற்றே! நாளைக்கு மாப்பிள்ளை வீட்டாரிடம் என்ன சொல்வது?” மற்றொன்று: “ஆகா! புனிதமான தொண்டு அல்லவா! கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்.”

முதல் மறுமொழி தவறு என்பதை இப்போது பெரும்பாலோர் ஒப்புக்கொள்வார்கள். மருத்துவமனையில் படுத்திருக்கும்போது இரவு இரண்டு மணிக்கு மணியை அழுத்தினால் ஒரு பெண் ஓடி வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள், அந்தப் பெண் தம் வீட்டுப் பெண்ணாக இருக்கக் கூடாது என்று சொல்வதில் நியாயம் இல்லை. அதைப் பற்றி மேலும் எழுதத் தேவையில்லை. ஆனால் இரண்டாவது மறுமொழியும் சரியல்ல என்பதே என் கருத்து. அருட்சகோதரிகள் நடத்தும் பள்ளியின் ஆண்டு மலரில் ஒரு மாணவி இவ்வாறு எழுதுவது துடுக்குத்தனமாகத் தோன்றலாம். முழுவதும் படித்த பிறகு கண்டிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தொண்டு என்ற சொல் உயர்ந்த சொல்தான். ஆனால் அதைச் சொன்னவுடன் மற்றக் கேள்விகள் எல்லாம் வாயடைத்துப் போகின்றன. எங்கே படிப்பது? யார் சான்றிதழ் தருவது? எத்தனை மணி நேர வேலை? மாதச் சம்பளம் எவ்வளவு? பாங்க் வேலைக்குப் போகிற பெண்ணின் தகப்பனார் இவற்றையெல்லாம் ஒன்றுக்குப் பத்து முறை விசாரிக்கிறார். நர்ஸ் வேலைக்குப் போகிற பெண்ணுக்கு மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. விசாரித்தால் தொண்டுள்ளம் இல்லாதவள் என்று ஆகிவிடுமாம்!

இதனால் யார் ஏமாறுகிறார்கள் என்பதை விளக்க, மருத்துவமனை வார்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை முதலில் சொல்ல வேண்டும். சீருடை அணிந்த பெண்கள் எல்லாரையும் நாம் “சிஸ்டர்” என்றுதான் அழைக்கிறோம். (ஆண் நர்ஸ் என்றால் “பிரதர்.” ஒரு காலத்தில் நோயாளிகளைக் கன்னியர் கவனித்துவந்தார்கள் என்பதன் மிச்சம் இந்தப் பெயர். நம் பள்ளியில் படித்த பெண்களுக்கு இப்படி அழைப்பது எளிதாகவே இருக்கும்!) ஆனால் அவர்களில் இரு வகையினர் உண்டு. ஒரு வகையினர், நர்சிங் கவுன்சில் அங்கீகரித்த பள்ளியிலோ கல்லூரியிலோ படித்து, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பெயரைப் பதிவு செய்து, பதிவு எண் பெற்ற செவிலியர். மற்றவர்கள் உதவியாளர்கள். நர்சிங் அசிஸ்டன்ட், ஜெனரல் டியூட்டி அசிஸ்டன்ட், வார்டு ஆயா என்று பல பெயர்களில் அவர்களை வேலைக்கு எடுக்கிறார்கள். வெளிநாட்டு விளம்பரங்களில் ஹெல்த்கேர் அசிஸ்டன்ட் என்று வருவதும் ஏறத்தாழ இந்த வேலையே.

உதவியாளர் வேலையை நான் குறைத்துச் சொல்வதாக எவரும் எண்ண வேண்டாம். எங்கள் அப்பாயி பக்கவாதத்தில் விழுந்து மருத்துவமனையில் இருந்தபோது, அவர்களைக் காப்பாற்றியவர்களில் ஓர் உதவியாளரும் உண்டு. உடம்பைத் துடைத்து விரிப்பை மாற்றும்போது, இடுப்புக்குக் கீழே தோல் சிவந்திருப்பதை முதலில் கண்டவர் அவரே. டாக்டர் வந்து பார்த்தது நாளுக்கு ஐந்து நிமிடம். நர்ஸுக்கு அந்த வார்டில் எத்தனையோ படுக்கைகள். விரிப்பை மாற்றுகிறவர் கண்ணுக்குத்தான் அந்தச் சிவப்புத் தெரியும். அது படுக்கைப் புண்ணின் தொடக்கம். அவர் உடனே நர்ஸிடம் சொல்ல, இரண்டு மணிக்கு ஒரு முறை அப்பாயியைப் புரட்டிப் படுக்க வைக்கும்படி எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். சிவப்பு ஐந்து நாளில் மறைந்தது. கவனியாமல் விட்டிருந்தால் தோல் கிழிந்து, சதை அழுகி, எலும்பு வரை போயிருக்கும் என்று பிறகு தெரிந்துகொண்டோம்.

பெட்பேன் வைப்பது, எடுப்பது, கழுவுவது, எழ முடியாதவருக்கு ஊட்டுவது, அதுவும் புரையேறாமல் தலையை உயர்த்தி ஊட்டுவது, குடித்த தண்ணீரையும் கழித்த சிறுநீரையும் அளந்து எழுதுவது, காய்ச்சல் பார்ப்பது, சக்கர நாற்காலியில் ஏற்றி எக்ஸ்ரே எடுக்க அழைத்துச் செல்வது, ஒரு நோயாளியைத் தொட்ட கையைக் கழுவாமல் அடுத்தவரைத் தொடாதிருப்பது. கை கழுவுவது சின்ன விஷயமாகத் தோன்றும். 1847-இல் வியன்னா நகரில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவ வார்டுக்கு வரும் மருத்துவர்களைக் கை கழுவ வைத்ததாலேயே தாய்மாரின் சாவைப் பெருமளவு குறைத்தார். கற்றறிந்த மருத்துவர்களே அன்று அவரை ஏற்க மறுத்தார்கள் என்பதைப் பார்க்கும்போது, ஒழுங்காகக் கை கழுவுகிற ஓர் உதவியாளர் எவ்வளவு பெரிய காரியம் செய்கிறார் என்பது விளங்கும்.

ஆகவே வேலையில் குறை இல்லை. அந்த வேலைக்கு “நர்சிங்” என்று பொய்ப் பெயர் வைத்து, அறியாத பெண்களை அழைப்பதில்தான் குறை இருக்கிறது.

என் பெரியம்மாவின் மகள் பத்தாம் வகுப்பு முடித்ததும், பக்கத்து நகரத்தில் ஒரு கடையின் மாடியில் நடந்த ஒரு நிலையத்தில் “ஓராண்டு நர்சிங்” படித்தார். கட்டணத்துக்குப் பெரியம்மா கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தார்கள். ஆண்டு முடிவில் பொன்னிற முத்திரையுடன் ஒரு சான்றிதழ் கிடைத்தது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்தார்கள். அக்காவுக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் உடனே வேலையும் கிடைத்தது. பன்னிரண்டு மணி நேர வேலை. ஊசி போடச் சொன்னார்கள், போட்டார். டிரிப் ஏற்றச் சொன்னார்கள், ஏற்றினார். எல்லாரும் சிஸ்டர் என்றே அழைத்தார்கள். ஆறு ஆண்டுகள் கழிந்தன. ஒரு நாள் அரசு வேலைக்கான விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பம் எழுத உட்கார்ந்தார். “கவுன்சில் பதிவு எண்” என்று ஒரு கட்டம் இருந்தது. அக்காவுக்கு எழுத எண் இல்லை. அதற்குரிய படிப்பையே அவர் படிக்கவில்லை என்பது அன்றுதான் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தது.

ஆறு ஆண்டு அனுபவம் இருக்கிறதே, அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு நர்ஸாக்கக் கூடாதா என்று என் தாயார் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நம் நாட்டில் அப்படி ஒரு படிக்கட்டு இல்லை. உதவியாளராக இருபது ஆண்டு இருந்தாலும், நர்ஸாக வேண்டுமானால் பிளஸ் டூ முடித்து, முதலாண்டு மாணவியாகவே சேர வேண்டும். இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கே புதிதாகச் சேரும் உதவியாளருக்கென்று 2015-இல் ‘கேர் சர்டிபிகேட்’ என்னும் பொதுப் பயிற்சியை ஏற்படுத்தினார்கள். உதவியாளருக்கும் நர்ஸுக்கும் இடையே ‘நர்சிங் அசோசியேட்’ என்று ஒரு பதவியை உண்டாக்கி, 2019 முதல் அவர்களையும் பதிவேட்டில் சேர்க்கிறார்கள். உதவியாளராய் நுழைந்தவள் வேலை பார்த்துக்கொண்டே மேலே ஏற வழி இருக்கிறது. இங்கே நம் அக்காமார் ஏறுவதற்கு ஏணியே வைக்கவில்லை. இதை மாற்ற வேண்டியது அரசின் கடமை. மாறும் வரை, எந்த வாசல் எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டு நுழைய வேண்டியது நம் கடமை.

வாசல்கள் மூன்று. பி.எஸ்ஸி. நர்சிங் நான்கு ஆண்டு. இதற்கு மேல்நிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றுடன் ஆங்கிலமும் வேண்டும். அடுத்தது ஜி.என்.எம். எனப்படும் பட்டயப் படிப்பு, மூன்று ஆண்டு. மூன்றாவது ஏ.என்.எம்., இரண்டு ஆண்டு. கிராமங்களில் வீடு வீடாக வந்து தடுப்பூசி விசாரிக்கும் செவிலியர் இந்த வழியில் வந்தவர்கள். மூன்றுக்கும் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். ஏ.என்.எம். முடித்தவர் பிறகு ஜி.என்.எம். படிக்கலாம், ஜி.என்.எம். முடித்துப் பதிவு பெற்றவர் மேலும் இரண்டு ஆண்டு படித்துப் பட்டதாரி ஆகலாம். உண்மையான படிக்கட்டு இங்கேதான் தொடங்குகிறது. பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு நர்ஸாகலாம் என்று எந்த நோட்டீஸ் சொன்னாலும் நம்பாதீர்கள், தோழியரே. அடுத்த மாதம் நாம் எந்தப் பிரிவை எடுக்கப் போகிறோம் என்பதிலேயே இது பாதி தீர்ந்துவிடுகிறது. உயிரியல் கடினம் என்று பயந்து அதை விட்டுவிட்டு, இரண்டு ஆண்டு கழித்து வந்து அழுவதில் பயனில்லை.

பணத்துக்கு எங்கே போவது என்று பெற்றோர் கேட்பார்கள். அரசுப் பள்ளிகளில் படித்த மாணவியர் உயர்கல்வி பயிலும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் ‘புதுமைப் பெண்’ திட்டம் 2022-இல் தொடங்கியது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் அது 2024 டிசம்பரில் நீட்டிக்கப்பட்டது. நம்மில் பலருக்கு இது பொருந்தும். சங்கிலியை அடகு வைக்கும் முன் இதை விசாரிக்கலாம்.

இனி, வீட்டு நிலைமையால் உடனே சம்பாதித்தே ஆக வேண்டிய தோழியரும் நம்மிடையே உண்டு. அவர்கள் உதவியாளர் வேலைக்குப் போவதில் தவறில்லை. முதலில் பிளஸ் டூவை முடியுங்கள், 18 வயதும் நிறையட்டும். அதன் பின் தலை நிமிர்ந்து விண்ணப்பம் எழுதுங்கள். “சிறு வயது முதல் சேவை செய்ய ஆசை” என்று எல்லாரும் எழுதுகிறார்கள். படிக்கிறவருக்கு அதில் ஒன்றும் தெரியாது. “படுக்கையில் இருந்த என் பாட்டியை எட்டு மாதம் கவனித்தேன், இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைப்பேன், மாத்திரை நேரத்தை நோட்டில் எழுதி வைப்பேன்” என்று எழுதினால், இவளுக்கு வேலை தெரியும் என்று உடனே விளங்கும். வீட்டில் செய்கிற வேலையை வேலை என்று சொல்ல நமக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தை விண்ணப்பத்தில் விட்டுவிட வேண்டும்.

நேர்முகத்தில் அவர்கள் மட்டுமே கேள்வி கேட்பார்கள் என்று எண்ண வேண்டாம். நாமும் மரியாதையாகக் கேட்கலாம். வேலையின் பெயர் என்ன, அதை எழுத்தில் தருவீர்களா? எத்தனை மணி நேரம், வார விடுமுறை உண்டா? இரவு வேலை முடிந்தால் தங்க இடம் உண்டா? மஞ்சள் காமாலைக்கான ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடுவீர்களா? (அது மூன்று தவணை, முடிய ஆறு மாதம் ஆகும். ஊசியும் இரத்தமும் புழங்கும் இடத்தில் வேலை செய்பவருக்கு அது அவசியம்.) மதிப்பெண் சான்றிதழின் அசலை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றால் நகலைக் கொடுத்துவிட்டு எழுந்து வாருங்கள். அசல் அவர்கள் மேசைக்குள் இருக்கும் வரை நாம் வேறு வேலைக்கும் போக முடியாது, மேற்படிப்புக்கும் போக முடியாது. ஊசி போடு, மருந்து கொடு என்று சொன்னால், “அதற்கு நான் படிக்கவில்லை, நர்ஸை அழைக்கிறேன்” என்று சொல்லத் துணிவு வேண்டும். இதில் வெட்கம் ஒன்றும் இல்லை. தவறு நேர்ந்தால் துன்பப்படுவது நோயாளி, பழி வருவது நமக்கு.

“இப்படிக் கணக்குப் பார்க்கிறவள் நோயாளியிடம் அன்பு காட்டுவாளா?” என்று ஒரு கேள்வி எழும். மறைக்கல்வி வகுப்பில் நாம் பலமுறை கேட்ட நல்ல சமாரியன் உவமையைக் கொண்டே பதில் சொல்கிறேன். அடிபட்டுக் கிடந்தவன் மேல் இரக்கம் கொண்டு காயங்களில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்தது வரை எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நடந்ததை யாரும் பிரசங்கத்தில் அழுத்திச் சொல்வதில்லை. சத்திரக்காரரிடம் அவனை ஒப்படைத்தபோது, சமாரியர் இரண்டு தெனாரியம் எடுத்துக் கொடுத்தார். மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொன்னார். “நீரும் தொண்டு என்று நினைத்துப் பார்த்துக்கொள்ளும்” என்று சொல்லிவிட்டுப் போகவில்லை! லூக்கா நற்செய்தியில் அதே பத்தாம் அதிகாரத்தில், வேலையாள் தன் கூலிக்கு உரிமையுடையவர் என்று ஆண்டவர் சீடரிடம் சொல்வதும் வருகிறது.

விளக்கேந்திய சீமாட்டி என்று நாம் பேச்சுப் போட்டிகளில் புகழும் பிளாரன்ஸ் நைட்டிங்கேலும் இரக்கம் மட்டும் போதும் என்று எண்ணியவர் அல்லர். 1854-இல் கிரிமியப் போரின்போது அவர் 38 பெண்களை அழைத்துக்கொண்டு சென்றார். அவர்களுள் பத்துப் பேர் கத்தோலிக்கக் கன்னியர் என்பது நம் பள்ளிக்குப் பெருமை தரும் செய்தி. திரும்பி வந்த பின் அவர் என்ன செய்தார்? இறந்த வீரர்களை மாதவாரியாகக் கணக்கெடுத்து, காயத்தால் செத்தவரைவிட நோயால் செத்தவரே மிகுதி என்று வரைபடம் போட்டுக் காட்டினார். 1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியருக்கு ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். விளக்கை விடக் கணக்கு நோட்டுத்தான் அந்த அம்மையாரின் பெரிய ஆயுதம் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் 1909-இல் செவிலியர் பயிற்சியைத் தொடங்கினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை அவர் தொடங்கியது 1918-இல். டாக்டர் பள்ளிக்கு ஒன்பது ஆண்டு முன்பே நர்ஸ் பள்ளி! 1946-இல் அங்கே பட்டப் படிப்பே வந்துவிட்டது. அன்பு உள்ளவர்களுக்கும் படிப்பு வேண்டும் என்று இவர்கள் கண்டார்கள்.

சம்பளத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தனியார் மருத்துவமனைச் செவிலியரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016-இல் இட்ட உத்தரவின் பேரில் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. 50 படுக்கைக்கும் குறைவான மருத்துவமனையில்கூட ஒரு நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேற்பட்ட இடங்களில் அரசு நர்ஸுக்குச் சமமாகத் தர வேண்டும் என்று அக்குழு பரிந்துரை செய்தது. பரிந்துரை பரிந்துரையாகவே பல இடங்களில் நின்றுவிட்டது. அரசும் இதில் குற்றமற்றது அல்ல. 2017 நவம்பரில் சென்னையில் ஒப்பந்தச் செவிலியர் போராடியபோது, அவர்கள் வாங்கிக்கொண்டிருந்தது மாதம் 7,700 ரூபாய். 2018-இல் கேரளத்தில் நிபா காய்ச்சல் நோயாளியைக் கவனித்து, அந்த நோயாலேயே உயிர் துறந்த செவிலியர் லினியைப் பற்றி நாடே கண்ணீர் விட்டது. கொரோனா காலத்தில் கைதட்டினோம். கைதட்டியதைப் பற்றி நான் குறை சொல்லவில்லை. ஆனால் கைதட்டல் மளிகைக் கடைக் கணக்கில் வரவு வைக்கப்படுவதில்லை.

நம் அக்கா இப்போது மேல்நிலைத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவதற்காக, இரவு வேலைக்கு நடுவே படித்துக்கொண்டிருக்கிறார். ஏ.என்.எம். சேர்வதாக எண்ணம். பதினேழு வயதில் செய்திருக்க வேண்டியதை இருபத்திரண்டு வயதில் செய்கிறார். கண்ணாடிச் சட்டத்திலிருந்த சான்றிதழைக் கழற்றிவிட்டார்கள். சட்டத்தை மட்டும் பெரியம்மா பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

மதிப்பிற்குரிய தலைமை அருட்சகோதரிக்கு ஒரு வேண்டுகோள். நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளின் பெயர்களை, ஒவ்வோர் ஆண்டும் தேர்வு முடிவு வரும் வாரத்தில், நம் அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்ய வேண்டும். பெற்றோர் மதிப்பெண் பட்டியல் வாங்க வரும்போது கண்ணில் படும். அடுத்த ஆண்டு தொழில் வழிகாட்டி நாளன்று, டாக்டர்களையும் என்ஜினீயர்களையும் அழைப்பதோடு நம் பழைய மாணவியரில் பதிவு பெற்ற ஒரு நர்ஸையும், ஓர் உதவியாளரையும் அழைத்துப் பேச வைக்க வேண்டும். இருவரும் விடுப்பு எடுத்து, பஸ் பிடித்து வர வேண்டியவர்கள். ஆகவே அவர்களுடைய பஸ் கட்டணத்தையாவது, தொண்டு என்று சொல்லி நிறுத்திக்கொள்ளாமல், அன்றைக்கே கையில் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.